ஓடாத கடிகாரம்

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மும்பை கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்குத் திசையில் நடந்தால், பெண்டி பஜாரை ஒட்டிய சந்துகளில் ஒரு விசித்திரக் காட்சியைக் காணலாம். பொழுது இன்னும் புலர்ந்திருக்காது. தரையில் சாக்குகளும் தார்ப்பாய்களும் விரிக்கப்பட்டிருக்கும். அவற்றின்மேல் ஒற்றைக் காலணி முதல் உடைந்த தையல் இயந்திரம் வரை குவிந்து கிடக்கும். கையில் டார்ச் விளக்குடன் மனிதர்கள் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருப்பார்கள். இதுதான் ஜும்மா பஜார். மற்ற ஆறு நாட்களும் வியாபாரம் செய்யும் மட்டன் தெருவின் பழம்பொருள் கடைகள் வெள்ளியன்று அடைத்திருக்க, அன்று தெருவே கடையாகிவிடும். இந்த வட்டாரம் முழுவதற்கும் உலகம் அறிந்த பெயர் சோர் பஜார், அதாவது திருடர் சந்தை. ‘ஷோர்’ என்ற இரைச்சல்தான் ஆங்கிலேயர் வாயில் ‘சோர்’ ஆயிற்று என்று அங்குள்ள வியாபாரிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் வாங்குகிறவர் பாடு.

அன்பான வாசகர்களே, பிழைப்புக்காகப் பெருநகரங்களுக்கு வந்த நம்மில் அநேகருடைய குடித்தனம் பழைய பொருட்களைக் கொண்டுதான் தொடங்கியது. முதல் கட்டில், முதல் மின்விசிறி, பிள்ளைகளின் முதல் பாடப்புத்தகம் எல்லாம் வேறொருவர் கைபட்டு வந்தவையே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்று சிலர் இதை ஒரு கலையாகவும், வேறு சிலர் உபதொழிலாகவும் செய்துவருகிறார்கள். குப்பை என்று எறியப்பட்டதிலிருந்து நல்ல பொருளைக் கண்டெடுத்து, துடைத்து, பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுகிறார்கள் அல்லது விற்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் இவ்வாறு அலைந்தவன். கற்றதையும், ஒரு காரியத்தில் இடறியதையும் இங்கே எழுதுகிறேன்.

இது மும்பைக்கு மாத்திரம் உரியதல்ல. ஹைதராபாத்தில் வியாழக்கிழமையின் பெயராலேயே ஜுமேராத் பஜார் இருக்கிறது. கொல்கத்தாவின் ரசல் தெருவில் 1940-இல் தொடங்கிய ரசல் எக்ஸ்சேஞ்ச், ஞாயிற்றுக்கிழமை ஏலங்களால் புகழ்பெற்றது. டெல்லியில் தரியாகஞ்ச் நடைபாதையில் பல பத்தாண்டுகள் நடந்த ஞாயிறு புத்தகச் சந்தை, உயர்நீதிமன்ற உத்தரவால் 2019 ஜூலையில் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் ஆசஃப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு இடம் மாறியது. நல்ல சந்தைகளில் பல ஆராதனை நாளிலேயே வந்து விழுவது நம்மவர்களின் பெரிய மனக்குறை! மும்பைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை வாய்த்தது ஒரு சலுகைதான்.

கண் பழக வேண்டும்

இத்தொழிலில் முதலீடு பணமன்று, கண். கடைக்காரர் சொல்லும் கதையைக் கேட்பதற்கு முன் பொருளைக் கவிழ்த்துப் பார்க்கப் பழக வேண்டும். எந்தப் பொருளுக்கும் முகத்தைவிட முதுகு அதிகம் பேசும்.

சோர் பஜாரில் முதன்முதலாகக் கண்ணைப் பறிப்பது பித்தளைக் கொம்பு வைத்த கிராமபோன். நாய் படம் ஒட்டியிருக்கும். தாத்தா காலத்துப் பொருள் என்பார்கள். உண்மையில் இவற்றுள் மிகப் பல, பழைய பெட்டி கிராமபோனின் இயந்திரத்தை எடுத்து, புதிய மரப்பெட்டியில் பொருத்தி, புதிதாக அடித்த கொம்பை மாட்டியவை. இத்தகைய போலிகள் இந்தியாவிலிருந்து உலகமெங்கும் போயிருக்கின்றன. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி திருகாணிகளைப் பார்ப்பது. தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ‘1910-ஆம் வருஷத்துப் பெட்டி’ என்று விற்கப்படும் ஒன்றில் அத்தகைய திருகாணி இருந்தால், ஒன்று அது பழுதுபார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த வருஷம் பொய்யாக இருக்க வேண்டும்.

இசைத்தட்டுகளில் எடைமிக்க, எளிதில் நொறுங்கும் 78 சுற்றுத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அந்த அரக்கு நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் சுரப்பது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான காலம் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இத்தட்டுகளே ஆண்டன. ஆனால் பழையது என்பதாலேயே விலை கிடைத்துவிடாது. இலட்சக்கணக்கில் விற்ற சினிமாப் பாட்டுத் தட்டு இன்றும் எளிதாகக் கிடைக்கும். அன்று சிலரே வாங்கிய தட்டைத்தான் இன்று பலர் தேடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வயது வேறு, அருமை வேறு.

ரவி வர்மா அச்சகத்துப் படங்களும் அப்படியே. 1894-இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம் பின்னர் லோணாவாலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்குப் போயிற்று. அதன் படங்கள் கல்லச்சில் நிறம் நிறமாக ஏற்றி அச்சிடப்பட்டவை. ஒரு பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கல்லச்சுப் படத்தில் புள்ளிகள் ஒழுங்கின்றி, மணல் தூவியதுபோல் இருக்கும். இக்காலத்து ஆஃப்செட் அச்சிலோ எல்லாப் புள்ளிகளும் படைவீரரைப்போல் வரிசையில் நிற்கும். தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தாளை மூக்கு நம்பலாம், கண்ணாடி நம்பாது.

வைத்துக்கொள்வதற்கென்றே வாங்குகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு பழைய தையல் இயந்திரம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் சிங்கர் கம்பெனியார் நடத்திய தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அங்கே வார்த்த இரும்பு இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறது. இயந்திரத்தின் உடலிலுள்ள எழுத்தையும் எண்ணையும் கொண்டு அது எங்கே, எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அறியலாம். பொன் வண்ணச் சித்திரம் அழிந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கையோடு ஒரு துண்டுத் துணியும் நூற்கண்டும் கொண்டுபோங்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் எண்ணெய் போதும். ஊசிக்கம்பி பக்கவாட்டில் ஆடினால் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாராவியில் அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த தாயை நான் அறிவேன். அவர்களுக்கு அது பழம்பொருள் அல்ல, அடுப்பு எரிந்ததற்குக் காரணம்.

வீட்டுக்குள்ளிருந்து போகும் புதையல்

சந்தையில் புதையல் தேடுகிற நாம், நம் வீட்டுப் புதையலை வாசலிலேயே இழந்துவிடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மும்பையின் குடியிருப்புகளில் தலையில் கூடையும் தோளில் மூட்டையுமாக வரும் பாத்திரக்காரப் பெண்களை நீங்கள் அறிவீர்கள். பழைய துணியைப் பெற்றுக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தருவார்கள். இவர்களில் பெரும்பாலோர் குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்தார். டெல்லி ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் பழந்துணிச் சந்தையும் அச்சமூகத்தாருடையதே. நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்கி, துணியைத் தரம் பிரித்து, துவைத்து, தைத்து விற்கும் அவர்களுடைய பிழைப்பு கடினமானது. ஒரு குவளைக்காக அவர்களிடம் அரைமணி நேரம் வழக்காடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் பட்டுச்சேலை வேறு கதை. ‘பழைய பட்டுச்சேலை எடுக்கிறது’ என்று கூவி வருகிறவர் சேலையைப் பார்ப்பதில்லை, ஜரிகையைப் பார்க்கிறார். காஞ்சிபுரத்தின் அசல் ஜரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. சேலை கிழிந்து நைந்தாலும் வெள்ளி நைவதில்லை. ஓரத்தில் ஓர் இழையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது அசலாக இருக்க வாய்ப்புண்டு. நம்பத்தக்க ஒருவரிடம் சோதிக்காமல் கொடுத்துவிடாதீர்கள். பாட்டியின் கலியாணச் சேலையைப் பிளாஸ்டிக் வாளிக்குக் கொடுத்த வீடுகள் நம் சபைகளிலேயே உண்டு. எந்த வீடு என்று நான் எழுதப்போவதில்லை, வாசிக்கும்போது அவர்களே தலையைக் குனிந்துகொள்வார்கள்!

ரத்திவாலாவிடம் எடைக்குப் போகும் புத்தகங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். எடைக்கு வாங்கிய கட்டு ஒன்றில் ஒரு தமிழ் வேதாகமத்தைக் கண்டெடுத்தேன். அட்டை இல்லை, விலையும் பெறாது. முதல் ஏட்டில் நான்கு தலைமுறையின் பிறப்பும் ஞானஸ்நானமும் விவாகமும் வெவ்வேறு கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியில் ஒரு குழந்தையின் பெயரும், ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு தேதியும். இத்தகையதை விற்கவும் மனம் வராது, யாரிடம் சேர்ப்பது என்றும் தெரியாது. இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

நாணயமும் கலசமும்

பழைய நாணயத்தின் பேரில் நடக்கும் மோசடி, கடன்பட்டிருக்கும் குடும்பங்களையே குறிவைக்கிறது. இன்ன படமுள்ள ஐந்து ரூபாய் நாணயத்துக்கு இலட்சங்கள் தருவதாக விளம்பரம் வரும். தொடர்புகொண்டால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று முன்பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே வெளிப்படையாக எச்சரித்துவிட்டது: பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கும் காரியத்தில் அவ்வங்கி ஈடுபடுவதில்லை, யாருக்கும் அதன் பேரில் கட்டணம் வசூலிக்க அதிகாரமும் கொடுக்கவில்லை. விற்கிறவரிடம் முன்பணம் கேட்கும் எந்த வியாபாரமும் வியாபாரமல்ல.

சந்தையில் 1818 என்று பொறித்து, ஒருபுறம் அனுமன் அல்லது இராமர் பட்டாபிஷேகம் அமைந்த செப்பு ‘கம்பெனி நாணயங்கள்’ தட்டுத் தட்டாக இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியார் அவ்வாறு ஒன்றை அச்சிட்டதே இல்லை. நாணயம் சேர்க்க ஆசையுள்ள பிள்ளைகளுக்குச் செலவில்லாத ஒரு பாடம் உண்டு. இன்றைய சில்லறையில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமில்லையென்றால் கொல்கத்தா. பேருந்துச் சில்லறையிலேயே நாட்டின் நான்கு அக்கசாலைகளையும் சேர்த்துவிடலாம்.

இரிடியம் கலசத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஏமாறுவது குறையவுமில்லை. ‘ரைஸ் புல்லிங்’ என்ற பெயரில், பழைய செப்புப் பாத்திரம் அரிசியை இழுக்கும், வெளிநாட்டார் கோடிகள் தருவார்கள் என்று பங்குப் பணம் கேட்பார்கள். இரிடியம் ஓர் உலோகம். அது அரிசியை இழுக்காது. காந்தமும் அரிசிக்குள் மறைத்த இரும்புத் தூளும்தான் இழுக்கின்றன. சோதித்துப் பார்க்க விரும்பினால் உங்கள் சமையலறை அரிசியைக் கையில் கொண்டுபோங்கள். அன்று கலசம் வேலைசெய்யாது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், நாணயம், ஓவியம் போன்றவையும், எழுபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாத மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதிகளும் தொல்பொருளாகும். உரிமமின்றி அவற்றில் வியாபாரம் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது. ஆகவே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சிலை என்றால் கையை எடுத்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். அறியாமல் வாங்கினாலும் பொருள் பொதுவாக உரியவருக்கே திரும்பும், உங்கள் பணம் போனதுதான். பழைய கைபேசி வாங்கும்போது *#06# அழுத்தி, வரும் 15 இலக்க எண்ணை KYM என்ற எழுத்துகளுக்குப்பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். அந்த எண் தடைசெய்யப்பட்டிருந்தால் பதிலிலேயே தெரியும். இணையத்தில் விற்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பணம் பெறுவதற்கு யாரும் ரகசிய எண்ணை அழுத்தத் தேவையில்லை.

அந்தக் கடிகாரம்

இனி என் இடறல். 1996-ஆம் வருஷம் என்று நினைவு. எங்கள் சந்தில் ஓர் அக்கா இருந்தார்கள். கணவர் பஞ்சாலைத் தொழிலாளி. 1982 ஜனவரியில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவருக்கு நிலையான வேலை வாய்க்கவில்லை. அவர் மரித்தபின் அக்கா திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்புவதென்று தீர்மானித்து, சாமான்களை விற்றார்கள். சுவரில் ஒரு பெண்டுலக் கடிகாரம் தொங்கியது. ஓடவில்லை. முகப்பில் சாவித் துவாரம் இரண்டு இருந்தன. ஒன்று ஓடுவதற்கு, மற்றது மணியடிப்பதற்கு. ஸ்டூலில் ஏறிப் பின்புறத்தைப் பார்த்தேன். ஜப்பானின் செய்கோஷா. 1892-இல் தொடங்கப்பட்டு, சுவர்க் கடிகாரத்தால் பெயர்பெற்ற நிறுவனம். இயந்திரத்தை மாற்றவில்லை, முள்ளும் அதற்கே உரியது. மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

“ஓடாத கடிகாரம் அக்கா. பெட்டியில் கரையான் வேறு” என்றேன். கரையான் இருந்தது உண்மை, கீழ்ப் பலகையில் ஒரு விரலளவு.

“நீங்க பார்த்துக் கொடுங்க தம்பி” என்றார்கள்.

முந்நூறு ரூபாய் கொடுத்தேன். நூற்றைம்பது செலவில் பழுதுபார்த்தேன். நூல்போல் ஓடியது. மட்டன் தெருவில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு விற்றேன். அடுத்த வாரம் அதே கடைச் சுவரில் ஏழாயிரத்து ஐந்நூறு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலில் எனக்கு வந்தது, நான் ஏமாந்துவிட்டேன் என்ற கோபம்! அக்காவின் முகம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். அங்கே கண்டிக்கப்படுகிறவன் விற்கிறவன் அல்ல. வாங்கும்போது பொருளைத் தாழ்த்திப் பேசி, வாங்கிப்போன பின் மெச்சிக்கொள்ளும் ஒருவனே அங்கே காட்டப்படுகிறான். ஒரு மாலைக் கூட்டத்தில் அதை வாசிக்கக் கேட்டபோது, அது என்னைப் பார்த்து எழுதப்பட்டதுபோல் இருந்தது.

இதில் நான் இன்றுவரை முழுத் தெளிவு பெற்றவனல்ல என்பதை ஒத்துக்கொள்ளுகிறேன். கடைக்காரரிடம் பேரம் பேசுவதில் குற்றமில்லை. பொருளைப் பற்றி அவர் என்னைவிட அதிகம் அறிந்தவர், விலையை ஏற்றிச் சொல்லுகிறவரும் அவர்தான். கண்ணுக்கும் உழைப்புக்கும் கூலி உண்டு. அது இல்லாவிட்டால் அந்தக் கடிகாரம் பங்கார் கடையில் நிறுக்கப்பட்டிருக்கும். ஆனால் ‘நீங்க பார்த்துக் கொடுங்க’ என்று சொல்லுகிறவரிடம் நடப்பது பேரமல்ல. அங்கே விலையை இரு பக்கமும் நான் ஒருவனே பேசினேன். இப்போது வீடுகளில் வாங்கும்போது, இன்ன பொருள், இன்ன விலைக்குப் போகக்கூடும், பழுதுக்கு இவ்வளவு ஆகும், எனக்கு இவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். லாபம் குறைந்தது. சிலர் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே மட்டன் தெருவுக்குப் போய்விட்டதும் உண்டு. போகட்டும்.

அக்காவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் மணியார்டர் செய்தேன். ஏன் அந்தத் தொகை என்று கேட்டால் கணக்கு இல்லை, கையில் இருந்தது அவ்வளவுதான். கடிகாரம் நல்ல விலைக்குப் போனது என்று மட்டும் கூப்பனில் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது பார்க்கச் சென்றேன். காப்பி கொடுத்தார்கள். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போதுதான் கேட்டார்கள்:

“தம்பி, அது ஓடுச்சா?”

“ஓடியது அக்கா.”

“மணி அடிச்சுதா?”

“அடித்தது.”

“அவங்க இருந்த வரைக்கும் அடிக்கல” என்று சொல்லி, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.